மடக்கிய விரல்

கிழக்குக் கடற்கரைச் சாலை போட்ட வருஷம், நெம்மேலி வீட்டுக் கொல்லையில் மணலோடு எருவைக் கலந்து நானும் என் ஐந்து வயது மகளும் பூசணி விதை போட்டோம். பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிவிடும் என்று சொல்லிவைத்தேன். எனக்கே அதில் நம்பிக்கை கிடையாது. கண்டதையும் பிய்த்துப்போடுகிற கையை வேறெப்படி அடக்குவது? அதிலிருந்து பிஞ்சுகளை விரலை மடக்கித்தான் காட்டுவாள்.

அப்போது நான் மாசமாக இருந்தேன். வருகிறவர்களுக்கு என் வயிற்றையும் அப்படியே காட்டி, "உள்ள பாப்பா கீது" என்பாள்.

ஐந்தாம் மாதம் கரு கலைந்து, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினேன். பாப்பா வராது என்று அவள் அப்பா ஏற்கெனவே சொல்லியிருந்தார். அவள் என் அருகே வரவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு பூசணிக் கொடியோரம் நின்றாள்.

"நான் மடக்கிதாம்மா காட்னேன்" என்றாள்.