ஐரின் டீச்சர் வகுப்பில் சிவப்பு மை

பசுமலையில் ஒரு பழைய மிஷன் பள்ளியில் ஐரின் நான்காம் வகுப்பு எடுக்கிறார். வயது நாற்பத்து மூன்று. அவருடைய அம்மா பக்கவாதத்தில் படுத்தபோது, பகலில் பார்த்துக்கொள்ள எட்டு மாதம் நான் அந்த வீட்டுக்குப் போனேன். அதனால் இந்தக் கதை எனக்குத் தெரியும்.

ஐரின் தன் அம்மாவுக்கு ஊட்டிவிடுவார். சிந்தாமல், வேகமாக. ஆறு வாரம் கழித்தும் அந்த அம்மாவின் வலது கை மடியிலேயே கிடந்தது. கரண்டியை நோயாளி கையில் கொடுத்தால் பாதிச் சோறு தரைக்குப் போகும், துடைக்க வேண்டும். ஆனால் கைக்குப் பலம் திரும்பும் என்றேன். அப்படியே செய்தோம். ஒரு நாள் தரையைத் துடைத்துக்கொண்டே ஐரின் சொன்னார்: "பள்ளிக்கூடத்துல நாப்பது பிள்ளைகளுக்கும் நான் ஊட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்."

அதுவரை அவர் கேள்வி பதிலைச் சொல்வார், பிள்ளைகள் எழுதுவார்கள், அவர் சிவப்பு மையில் திருத்துவார். அந்த ஜூனில் அதை மாற்றினார். பிள்ளைகள் கணக்கைப் போட்டுவிட்டு, பின்சுவரில் தொங்கும் விடைத்தாளைப் பார்த்துத் தாங்களே பச்சைப் பென்சிலால் திருத்த வேண்டும். எது வரவில்லையோ அதை ஒரு சீட்டில் எழுதி, ஜன்னலோரக் கயிற்றில் துணிக்கிளிப்பால் மாட்ட வேண்டும். தெரிந்த பிள்ளை சொல்லிக்கொடுக்கும். துணையில்லாமல் மூன்று கணக்கு சரியாகப் போட்டால் சீட்டைத் தானே கழற்றிக்கொள்ளலாம்.

முதல் மாதம் பாதிப் பேர் விடையைப் பார்த்து எழுதினார்கள். அவர்கள் சீட்டே மாட்டவில்லை. மாதத் தேர்வில் திணறினார்கள். அடுத்த மாதம் கயிற்றில் இடமில்லை.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை தாமரைச்செல்வியின் அப்பா வந்தார். மொக்கைச்சாமி, திருப்பரங்குன்றத்துக்கு மேற்கே வாழை போட்டிருக்கிறார். மகளின் நோட்டை விரித்துக் காட்டினார்.

"நாலு மாசமா ஒரு சொட்டுச் சிவப்பு மை இல்ல டீச்சர். சம்பளம் வாங்குறது நீங்க, நோட்டுத் திருத்துறது எம் மகளா?"

"அவளே கண்டுபிடிச்சாத்தான் மறக்க மாட்டாண்ணே."

அதற்குள் அவர் கயிற்றைப் பார்த்துவிட்டார். 'தாமரைச்செல்வி. மீதி வரும் வகுத்தல்' என்று ஒரு சீட்டு.

"எம் புள்ளைக்கு என்ன தெரியலங்கிறத ஈரத்துணி மாதிரி காயப்போட்டுருக்கீக. போறவன் வாரவன் எல்லாம் பாக்கவா? திங்கக்கிழம வாரேன். டி.சி. எழுதி வைங்க. டவுன் பள்ளிக்கூடத்துல இடம் கேட்டாச்சு."

தலைமையாசிரியர் யேசுதாஸ் ஐரினைக் கூப்பிட்டார். "இந்த வருசம் ஏற்கெனவே மூணு பிள்ளை போயிருச்சு டீச்சர். திங்கக்கிழமை அவரு பாக்கும்போது நோட்டுல சிவப்பு மை இருக்கணும். இந்தப் பிள்ளையும் போச்சுன்னா கயித்த அவுத்துட்டுப் பழையபடி நடத்துங்க."

ஐரின் பயந்துவிட்டார். அன்றைய வகுத்தல் கணக்கைப் பிள்ளைகள் திருத்தும் முன்பே நாற்பது நோட்டையும் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். சனிக்கிழமை பாதி, ஞாயிறு ஆராதனை முடிந்து மீதி. பேனா தானாகவே சரி போட்டுக்கொண்டு போனது. பயந்திருப்பவரிடம் அறிவுரை எடுபடாது.

திங்கட்கிழமை நடந்ததை ஐரின் அன்று மாலையே சொன்னார்.

மொக்கைச்சாமி டி.சி. கேட்கும் மனுவோடு வந்து மகளின் நோட்டைத் திறந்தார். பக்கம் முழுவதும் சிவப்பு. "இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்ல" என்றார், சற்று இறங்கி. பக்கத்தில் நின்ற செல்வி எட்டிப் பார்த்தாள். எழுபத்தொன்பதை ஆறால் வகுத்து, ஈவு பன்னிரண்டு, மீதி ஏழு என்று எழுதியிருந்தாள். அதற்கும் சிவப்பில் சரி.

"டீச்சர், இது தப்பு."

"டீச்சரு சரி போட்டுருக்காகல்ல. பேசாம இரு" என்றார் அப்பா.

"இல்லப்பா. ஆறால வகுத்தா மீதி ஆறுக்குக் கம்மியாத்தேன் வரணும். நாந்தேன் தப்பாப் போட்டுட்டேன். பாத்துத் திருத்துறதுக்குள்ள நோட்ட வாங்கிட்டாக."

ஐரின் கணக்கைப் பார்த்தார். மறைக்க வழியில்லை. "ஆமா செல்வி. நான் பாக்காமச் சரி போட்டுட்டேன்."

மொக்கைச்சாமி விரலை மடக்கினார். "எழுவத்தொம்பது வாழக்கன்னு. ஆறு வரிசை. வரிசைக்குப் பன்னண்டு வச்சும் கையில ஏழு நின்னா..." கொஞ்சம் யோசித்தார். "வரிசைக்கு இன்னும் ஒண்ணு நட்டுறலாமே. ஒரு கன்னுதேன் மிஞ்சும்."

"அதத்தேன்ப்பா சொல்றேன். ஈவு பதிமூணு, மீதி ஒண்ணு." அவள் பச்சைப் பென்சிலை எடுத்து, சிவப்புச் சரியை அடித்துவிட்டு விடையை எழுதினாள்.

அப்பா மகளையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தார். "டீச்சரு போட்ட சரியவே திருத்துறா" என்றார். பிறகு, "அப்ப அந்தச் சீட்ட எடுத்துரு ஆத்தா. எனக்கு மானம் போகுது."

"மூணு கணக்கு போடணும்ப்பா. இது ஒண்ணுதேன் ஆயிருக்கு."

மனுவை அவர் நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "முழுப் பரீச்ச வரைக்கும் இது எங்கிட்டயே இருக்கட்டும்."

செல்வி புதன்கிழமை சீட்டைக் கழற்றினாள். கயிறு தப்பியது. ஆனால் தலைமையாசிரியருக்குச் சிவப்பு மை இல்லாமல் தூக்கம் வராது. அதனால் பிள்ளைகள் திருத்தி முடித்த பிறகு, வாரம் ஒரு முறை ஐரின் சிவப்பில் கையெழுத்து மட்டும் போடுகிறார். இப்போது படித்துப் பார்த்துப் போடுகிறார்.

ஜனவரியில் பெற்றோர் கூட்டத்துக்கு வந்த மொக்கைச்சாமி நாற்காலியில் உட்காரவில்லை. நேராக ஜன்னலோரம் போனார்.

"இந்த வாரம் எம் மகளுக்கு என்ன தொங்குது டீச்சர்?"

"பின்னம்ணே."

"அது எனக்கும் வராது" என்று சொல்லிவிட்டு, சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்தார்.