ஒரே முதல் வரி

1. ஈஜோக் ஊர்க் கோயில் மண்டபத்தில் ஒரு கல்யாணம். மைக் செட் என் சித்தப்பாவுடையது.
2. தாலி கட்டி முடிந்ததும் சித்தப்பா ஒரு கேசட்டைப் போட்டார். நிலவைக் கூப்பிட்டுத் தொடங்கும் காதல் பாட்டு. அட்டையில் முதல் வரி சரியாகவே எழுதியிருந்தது.
3. இரண்டாவது வரி வருவதற்குள் மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்து பாட்டை நிறுத்தச் சொன்னார்.
4. நிறுத்திய பிறகு, மண்டபத்துக்கே கேட்கும்படி, "ஏன்யா, பொண்ணுக்கு இதுக்கு முன்னாடி எவனாவது இருந்தானா?" என்றார்.
5. பெண்ணின் அம்மா அழுதார்.
6. அடுத்த மாதம் தன் மகள் கல்யாணத்துக்குச் சித்தப்பாவைப் பேசி வைத்திருந்த புக்கிட் ரோத்தான் எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணியாரின் மனைவியும் அங்கே இருந்தார். "யோசிச்சுச் சொல்றோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இவ்வளவும் நடந்தபோது நான் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நின்றிருந்தேன். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு, ராவாங்கில் ஒரு தொழிற்சாலை கூப்பிடுமா என்று காத்திருந்த காலம். ஒயர் சரி, ஸ்பீக்கர் சரி, கேசட் சரி, பாட்டும் கேட்ட பாட்டுதான். என்ன தப்பு என்று எனக்குப் புரியவில்லை.

கோலா சிலாங்கூரில் எங்கள் வீட்டுக்கு வந்து கேசட்டை முழுதும் ஓட்டிப் பார்த்தபோதுதான், படம் பார்த்திருந்த அம்மா சொல்லித் தெரிந்தது. அந்தப் பாட்டு படத்தில் இரண்டு தடவை வருகிறது. முதல் தடவை காதலர்கள் சந்தோஷமாகப் பாடுவது. இரண்டாம் தடவை அவள் வேறொருவனோடு மணவறையில் உட்கார்ந்திருக்க, காதலன் வாசலில் நின்று அதே வரியை மெதுவாக இழுத்துப் பாடுவது. சித்தப்பாவின் கேசட்டுகள் எல்லாம் கடையில் சொல்லிப் பதிவு செய்தவை. கடைக்காரர் முதல் வரியை மட்டும் எழுதித் தருவார். இரண்டுக்கும் ஒரே முதல் வரி; மண்டபத்தில் ஒலித்தது இரண்டாவது.

சித்தப்பா முன்பு எஸ்டேட்டில் லோரி ஓட்டியவர். முதுகு போனபின் இந்த மைக் செட்தான் அவர் வீட்டில் அடுப்பெரிய வைத்தது. புக்கிட் ரோத்தான் கல்யாணமும் கைவிட்டுப் போனால் பேச்சு ஊரெல்லாம் பரவும், பிறகு யாரும் கூப்பிட மாட்டார்கள். எல்லாக் கேசட்டுக்கும் புது அட்டை ஒட்டித் தருகிறேன் என்று சொன்னேன். முதல் வரி, படம், பாடியவர், அட்டையின் கடைசிக் கட்டத்தில் மகிழ்ச்சி அல்லது சோகம். சுலபமான வேலை என்றுதான் நினைத்தேன்.

ஒரு துள்ளலான பாட்டுக்கு மகிழ்ச்சி என்று எழுதிக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார்.

"அதைக் கல்யாணத்துல போடாதீங்க. பாட்டு முடிஞ்சதும் அவ செத்துப் போயிடுவா."

"பாட்டுல சாவு இல்லையே அண்ணி" என்றார் சித்தப்பா.

"பாட்டுல இல்ல தம்பி, படத்துல இருக்கு."

ரேடியோவில் மட்டும் கேட்ட காலத்தில், எந்தப் பாட்டு படத்தில் எந்தக் காட்சியில் வருகிறது என்று பாதிப் பேருக்குத் தெரியாது. இப்போது தெருவுக்கு நாலு வீட்டில் வீடியோ ஓடுகிறது. வாடகைக்கு எடுத்த படத்தை ஒரே வாரத்தில் இரண்டு தடவை பார்க்கிறார்கள். அப்படியானால் நான் அட்டையில் எழுத வேண்டியது பாட்டின் குணத்தையா, படத்தின் கதையையா?

இதற்கு நேர்மாறாகவும் ஒன்று வந்தது. கேட்டாலே அழுகை வரும் ஒரு பாட்டுக்குச் சோகம் என்று எழுதினேன். சித்தி சிரித்துவிட்டார். மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும் பாட்டாம் அது. அவர் பிறந்த எஸ்டேட் லயக் குடியிருப்பில் அது ஒலிக்காத கல்யாணமே கிடையாதாம். "அழணும்னுதான் போடுறது, இதுகூட தெரியாதா லா" என்றார். சோகம் என்பதை அடித்துவிட்டு மகிழ்ச்சி என்று எழுதப் போனேன். அதுவும் பொருந்தவில்லை. காலியாக விட்டேன். அப்படிக் காலியாக விட்ட அட்டைகள் சேர்ந்துகொண்டே போயின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, முடிவு கேட்டுவரச் சித்தப்பாவோடு புக்கிட் ரோத்தானுக்குப் போனேன். மகிழ்ச்சி என்று நிச்சயமான பாட்டுகள் உள்ள கேசட்டுகளை மட்டும் பையில் எடுத்துக்கொண்டோம். கிராணியாரின் மனைவி தேநீர் கொடுத்தார். பாட்டு பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஈஜோக்கில் தன் காதுக்கு நேராக ஸ்பீக்கர் கட்டியிருந்ததாகவும், இரண்டு நாள் தலைவலி என்றும், அதனால்தான் யோசித்ததாகவும் சொன்னார். ஸ்பீக்கரை வாசல் பக்கம் திருப்பிக் கட்டினால் சம்மதம். சித்தப்பா உடனே தலையாட்டினார்.

பிறகு அந்த அம்மாள் சொன்னார், "அந்த நிலாப் பாட்டைக் கண்டிப்பா போடணும் தம்பி. என் மகளுக்கு அதுன்னா உயிரு."

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் மெதுவாகக் கேட்டேன், "அம்மா, முதல் தடவை பாடுறதா, ரெண்டாந்தடவை பாடுறதா?"

"ஒரே பாட்டுதானே?"

அவர்கள் வீட்டில் வீடியோ இல்லை. அன்று ஈஜோக்கில் பெண்ணின் அம்மா ஏன் அழுதார் என்று நினைத்தீர்கள் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. வெளியே வந்ததும் சித்தப்பா மோட்டார் சைக்கிளை முடுக்காமல் நின்றார்.

"பொண்ணு வீடு படம் பார்க்கல. மாப்பிள்ள வீடு பார்த்திருந்தா?"

தெரியவில்லை என்றே சொன்னேன்.

கல்யாணத்தன்று அவர் படத்தில் முதலில் வரும் சந்தோஷப் பாட்டை வைத்தார். தொடங்கும் இடம் சரியா என்று நான் காதில் ஹெட்ஃபோனை மாட்டி முதலில் கேட்டுக்கொண்டேன். முதல் வரி ஒலித்ததும் மாப்பிள்ளை வீட்டாரில் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா, வேறு ஏதாவதா என்று அங்கிருந்து தெரியவில்லை. சித்தப்பாவின் விரல் நிறுத்தும் பொத்தான் மேலேயே இருந்தது. யாரும் எழவில்லை. பாட்டு முடிந்தது. மணப்பெண் முழுப் பாட்டையும் உதட்டுக்குள் பாடியதை நான் பார்த்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் படத்தைப் பார்க்கவில்லையா, பார்த்தும் பொறுத்துக்கொண்டார்களா என்பது எங்களுக்கு இன்றுவரை தெரியாது. சித்தப்பாவை மறுபடியும் கல்யாணங்களுக்குக் கூப்பிடுகிறார்கள். ஈஜோக்கிலிருந்து மட்டும் இன்னும் யாரும் கூப்பிடவில்லை. கேசட்டுகளில் பாதிக்கு அட்டை முழுதாக எழுதியாகிவிட்டது. மீதிக்கு மகிழ்ச்சி என்று எழுதுவதா, சோகம் என்று எழுதுவதா என்று எனக்குத் தெரியவில்லை.