இடதுபக்க இருக்கையில் பிரேக் இல்லை

நாங்கள் கனடாவுக்கு, இந்த வின்னிபெக் நகரத்துக்கு, வந்து ஆறு வருஷம் ஆகிறது. இன்னமும் அவசரத்தில் நான் காரின் வலதுபக்கக் கதவைத்தான் திறக்கிறேன். உட்கார்ந்து சாவியை நீட்டினால் முன்னால் ஸ்டியரிங் இருக்காது. மனைவி எஸ்தரின் கைப்பையும், மகள் கிரேஸ் கழற்றிப் போட்ட கையுறையும்தான் கிடக்கும். இந்த நாட்டில் ஓட்டுகிறவன் இடதுபக்கம் உட்கார வேண்டும். "இன்னா, வண்டி தானா போவும்னு குந்திக்கினு கீறீங்களா?" என்று என் மனைவி பனியில் நின்றபடி கேட்பாள். இறங்கிச் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கம் உட்காருவேன். சாவியைத் திருப்புவதற்கு முன்னால் தலை குனிந்து சின்னதாக ஒரு ஜெபம். ஊரில் பைக்கை எடுக்கும்போது பழக்கத்தில் சொன்ன அதே ஜெபம்தான். இங்கே அதை இரண்டு தடவை சொல்கிறேன். ஏன் என்பதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

எனக்குப் பத்தாவது வரைதான் படிப்பு. ஊத்துக்கோட்டைப் பக்கம் எங்கள் கிராமம். அப்பா பிறத்தியார் வயலில் கூலி வேலை பார்த்தவர். நான் காக்களூர் தொழிற்பேட்டையில், வண்டிகளில் அதிர்வைத் தாங்குகிற ரப்பர் புஷ் செய்கிற ஒரு சின்ன யூனிட்டில் பன்னிரண்டு வருஷம் இருந்தேன். அச்சிலிருந்து எடுத்து ஆறிய ஒவ்வொரு துண்டையும் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்ப்பேன். நகம் கொஞ்சம் இறங்கி, எடுத்ததும் தடம் மறைந்தால் நல்ல சரக்கு. இறங்காவிட்டால் அது கல். ஓரமாகத் தூக்கிப் போட்டுவிடுவோம். எஸ்தர் நர்சு என்பதால் விசா கிடைத்தது. எனக்கு இங்கே ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை. பழைய கார் ஒன்று வாங்கினோம். விற்றவர் டயரைத் தட்டிக்காட்டி, "ஆல் சீசன்" என்றார். எல்லாக் காலத்துக்கும் ஆனது என்று புரிந்துகொண்டேன். நம் பக்கம் எல்லாக் காலமும் என்றால் வெயில், அதை விட்டால் மழை. அதற்கு அப்பால் டயர் பார்க்க வேண்டிய காலம் ஒன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நாங்கள் வந்த வருஷம் முதல் பனி விழுந்த வாரம். சனிக்கிழமை வேலை முடிந்து கிளம்பும்போது எங்கள் சூப்பர்வைசர் ராண்டி வாசலில் நின்று, "யூ காட் யுவர் வின்டர்ஸ் ஆன்?" என்று கேட்டார். குளிர்காலத்து உடுப்பைப் போட்டிருக்கிறாயா என்கிறார் என்று நினைத்தேன். மனுஷன் எவ்வளவு அக்கறையாகக் கேட்கிறார் என்று நெகிழ்ந்துபோய், ஜாக்கெட்டைத் திறந்து உள்ளே இருந்த இரண்டு ஸ்வெட்டரையும் காட்டினேன். "எஸ் சார். டூ." அவர் வயிற்றைப் பிடித்துச் சிரித்து, என் தோளில் தட்டிவிட்டுப் போனார். நான் தமாஷ் செய்தேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். அவர் என்னைப் பாராட்டினார் என்று நான் நினைத்துக்கொண்டேன். இந்த ஊரில் 'வின்டர்ஸ்' என்றால் பனிக்கால டயர். புதிதாக வருகிறவர்கள் இந்த ஒரு சொல்லையாவது முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள்.

மறுநாள் ஆராதனைக்குப் போய்க்கொண்டிருந்தோம். பின்னால் கிரேஸ் ஞாயிறு பள்ளிப் பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டு வந்தாள். சிக்னலில் சிவப்பு விழுந்தது. பிரேக்கை மிதித்தேன். காலுக்கடியில் ஏதோ கரகரவென்று அதிர்ந்தது, வண்டி மட்டும் நிற்கவில்லை. டயர் ரோட்டில் உருளும் சத்தம் அடங்கிப்போனது. அந்த அமைதியில் கார் பக்கவாட்டில் மெதுவாகத் திரும்பி, நான்கு ரோடும் சேரும் இடத்துக்கு நடுவே வழுக்கிக்கொண்டே போனது. கிரேஸ் உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு பெரிய லாரி ஹாரன் அடித்தபடி வந்தது. நான் மிதிக்கிறேன், மிதிக்கிறேன், மிதித்துக்கொண்டே இருக்கிறேன். எங்களுக்கும் அதற்கும் நடுவில் ஒரு முழம் மிச்சம் வைத்து லாரி வளைந்து போனது. எஸ்தர் ஸ்தோத்திரம் என்று ஒரு தடவை சொன்னாள். பிறகு ஸ்டியரிங்கில் ஒட்டிக்கொண்டிருந்த என் விரல்களை ஒவ்வொன்றாக அவளே பிரித்தாள். சபை வாசலில் எல்லாரும் உள்ளே போன பிறகு, நான் கையுறையைக் கழற்றி, டயரில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினேன். இறங்கவில்லை. கல். காக்களூரில் அதை நான் ஓரமாகத் தூக்கிப் போட்டிருப்பேன். அதன்மேல்தான் என் பிள்ளையை உட்காரவைத்து ஓட்டி வந்திருக்கிறேன்.

டயர் கடைக்காரர் வயசானவர், பேச்சு குறைவு. ஏழு டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் இறுகிப்போகும், பனி டயரின் ரப்பர் கலவையே வேறு, மலைக்குள் ஒரு பனிப்பூ வரைந்த முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கு என்றார். நீ எப்படி ஓட்டுவாய் என்று கேட்டார். "வித் பிரேயர்" என்றேன். நல்லது, முன்னால் போகிற வண்டிக்கும் உனக்கும் நடுவில் நிறைய இடமும் விடு என்றார். வழுக்கினால் பிரேக்கைத் தொடாதே, காலை எடு, போக வேண்டிய இடத்தை மட்டும் பார் என்றும் சொல்லிக்கொடுத்தார். முன்சக்கரம்தானே இழுக்கிறது, முன்னால் இரண்டு டயர் போதும் என்றேன். பின்னால் யார் உட்காருவார்கள் என்று கேட்டார். "மை டாட்டர்" என்றேன். நான்கு விரலைத் தூக்கிக் காட்டினார். நான்கும் போட்டோம். கிளம்பும்போது, ஒருபக்கம் கரடி போட்ட இரண்டு டாலர் காசு ஒன்றை டயர் பள்ளத்தில் செருகிக் காட்டினார். ஓரத்து வெள்ளி வளையம் மொத்தமும் உள்ளே மறைந்தால் டயர் நன்றாக இருக்கிறது. எழுத்து மட்டும் மறைந்தால் அதன் ஆயுசு முடிந்தது.

போன மாதம், நவம்பரில், அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக ஊருக்குப் போயிருந்தேன். நல்ல மழை. என் தம்பி சாலமோன் வேன் வைத்திருக்கிறான். எங்கள் பக்கத்துப் பெண்கள் பதினான்கு பேரைக் காலை ஷிப்டுக்குத் தேர்வாய் கண்டிகையில் இருக்கிற கம்பெனிக்குக் கொண்டுபோய் விடுவது அவன் வேலை. ஊருக்குப் போன முதல் நாள் விடியலில் நானும் அவனோடு கிளம்பினேன். பெண்கள் ஏறிக்கொண்டிருக்கும்போதே நான் சட்டைப்பையிலிருந்த கரடிக் காசை எடுத்துக்கொண்டு வேனின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டேன்.

"இன்னாண்ணா, டயருக்கு ஜெபம் பண்றியா?" என்றான் தம்பி.

உள்ளேயிருந்து நாகம்மா எட்டிப் பார்த்தாள். அந்த வேனில் அவள்தான் எல்லாருக்கும் மூத்தவள். "உங்கண்ணன் கனடாவுல இன்னா வேலடா பாக்கறாரு? டயர்ல காணிக்க போடறாரு பாரு."

காசு செருக அங்கே பள்ளமே இல்லை. "டயர்ல பட்டனே இல்லடா சாலு. நாலும் மொட்டையா கீது."

"மொட்ட டயருதாண்ணா ரோட்ட புடிக்கும். ரப்பரு மொத்தமும் தரையில ஒக்காரும் இல்ல? புது டயருதான் வழுக்கும்."

அவன் சொன்னது காய்ந்த ரோட்டுக்குப் பாதி சரி. சித்திரை வெயிலில் அப்படித்தான் ஒட்டும். ஆனால் தண்ணீர் ஒதுங்கிப் போக டயரில் வாய்க்கால் வேண்டும். அவன் ஓட்டுகிற ஓட்டத்துக்கும், கன்டெய்னர் லாரியின் முதுகில் முட்டுகிற மாதிரி போய்க் கடைசி நேரத்தில் பிரேக் பிடிக்கிற பழக்கத்துக்கும், ஏற்றுகிற ஆளுக்கும், பாரம் தாங்கும் கெட்டியான டயராக, ஆழமான பள்ளம் உள்ளதாகப் பார்த்துப் போட வேண்டும். "மழைக்கு இன்னாடா பண்ணுவ?" என்றேன். முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த வேத வசனத்தைக் காட்டி, "மழைக்கு ஆண்டவரு கீறாரு, ஏறுண்ணா" என்றான். ஏறினேன். சாவியைத் திருப்புமுன் தலை குனிகிறவன் நானும்தானே.

அவன் பக்கத்தில், இடதுபக்கம் உட்கார்ந்தேன். ஆறு வருஷமாக நான் ஓட்டுகிற பக்கம் அது. வேன் கிளம்பியதிலிருந்து என் வலது கால் தானாகத் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு லாரிக்கும் ஒரு மிதி. "அண்ணா, அந்தாண்ட பிரேக் இல்ல. மிதிச்சி மிதிச்சி என் வண்டில ஓட்ட போட்றாத" என்றான். வேன் முழுதும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஏரிக்கரைத் திருப்பத்தில் ரோட்டின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் வேகத்தைக் குறைக்கவில்லை. தண்ணீரில் இறங்கியதும் டயர் சத்தம் நின்றுபோனது. அந்த அமைதி எனக்குத் தெரியும். பனியில் கேட்டிருக்கிறேன். வேனின் வால் மெதுவாகத் திரும்பத் தொடங்கியது. என் கால் இல்லாத பிரேக்கை இடுப்பு வலிக்கும் அளவுக்கு அழுத்தியது. வாய் மட்டும் அந்தக் கடைக்காரர் சொன்னதைச் சொன்னது.

"பிரேக் புடிக்காத சாலு. கால எடு. ஏரிய பாக்காத. ரோட்ட பாரு."

காலை எடுத்தான். வேன் கொஞ்ச தூரம் தன்பாட்டுக்கு மிதந்து, எங்கோ டயர் தரையைத் தொட்டு, ஒரு குலுக்கலோடு ஓரத்தில் நின்றது. என் கதவுக்கு நேர் கீழே ஏரி. மழைத்துளிகள் அதில் விழுவது ஒவ்வொன்றாகத் தெரிந்தது.  பின்னால் ஒரு டிபன் டப்பா எங்கோ உருண்டு நின்றது.

"சரி எடு சாலு, பஞ்சிங் போய்டும்" என்றாள் நாகம்மா. குரல் அவளுடையது மாதிரியே இல்லை. கம்பெனியில் வருகை பதியும் நேரம் தப்பினால் அவர்களுக்கு அரைநாள் சம்பளம் போய்விடும். கம்பெனி வாசல் வரைக்கும் சாலமோன் மாட்டுவண்டி வேகத்திலேயே ஓட்டினான். 

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டு வாசலில், "அந்தக் கரடிக் காச குடுண்ணா" என்று வாங்கிக்கொண்டுபோய் அவனே நான்கு டயரிலும் வைத்துப் பார்த்தான். மறுநாள் இரண்டு புது டயர் வாங்குவதாகச் சொன்னான். நாலும் போடு, மத்த ரெண்டு நான் வாங்கித் தரேன் என்றேன். "வண்டி என்னுதுண்ணா. ரெண்டு இப்போ, ரெண்டு பொங்கலுக்கு." அந்தக் கடைக்காரரைப்போல நான்கு விரலைத் தூக்கிக் காட்டினேன். அவன் சிரித்துக்கொண்டே அதில் இரண்டு விரலை மடக்கிவிட்டான். அப்படியானால் புதுசு ரெண்டையும் பின்னாலாவது போடு, வால் திரும்பாமல் இருக்கும் என்றேன். அதை மட்டும் கேட்டான். பாதி மொட்டை டயரோடு அவனை விட்டுவிட்டு நான் விமானம் ஏறினேன். காசை அவனிடமே கொடுத்துவிட்டேன்.

இங்கே சாயங்காலம் ஆகும்போது அங்கே விடிகிறது. நாங்கள் சாப்பிட உட்காரும் நேரம் வேன் ஊரைத் தாண்டியிருக்கும். என் போனில் இரண்டு ஊரின் வானிலை இருக்கிறது, வின்னிபெக்கும் ஊத்துக்கோட்டையும். ஊத்துக்கோட்டைக்கு நேராக மழைத்துளி போட்டிருந்தால் எனக்குச் சோறு இறங்காது. பெண்களை இறக்கிவிட்டு அவன் 'ரீச்டு' என்று அனுப்புகிற ஒரு வார்த்தைக்காகக் காத்திருப்பேன். பொங்கலுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. நேற்று கிரேஸ் மேசைக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டு, "அப்பா, எதுக்கு தரைய மிதிக்கிறீங்க?" என்று கேட்டாள். எஸ்தர் அவளுக்கு வேறு ஏதோ பேச்சு கொடுத்தாள். வெளியே என் கார் நான்கு பனி டயரில் பத்திரமாக நிற்கிறது. நான் ஏரிக்கரைத் திருப்பம் வருகிற நேரத்தைக் கணக்கிட்டு, தலை குனிந்து, வலது காலை இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொள்கிறேன்.