தொட்டியில் ஒட்டிய காந்தம்

காந்தம் ஒட்டக் கூடாது. ஒட்டிவிட்டது. உப்பக்கா அதைப் பிடுங்கி, தொட்டியின் சுவரைத் துணியால் அழுத்தித் துடைத்து, இன்னொரு தரம் வைத்துப் பார்த்தாள். பாழாய்ப்போன காந்தம் மறுபடியும் ஒட்டிக்கொண்டது.

பட்டறையில் அவளுக்கு உப்பக்கா என்றுதான் பெயர். பதினாறு வருடமாக உப்பு உலர்த்திக் கொட்டுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? அவை சமையல் உப்புக்குச் சொந்தக்கார உப்புகள்தான், ஆனால் எண்ணூற்றைம்பது டிகிரியில் தண்ணீராக உருகிக் கிடக்கும். இரும்புக் கருவிகளை அதில் முக்கி எடுத்தால்தான் அவற்றுக்கு உறுதி ஏறும். உப்பைத் தாங்கி நிற்பது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டி. துருப்பிடிக்காத இரும்பாம்! பெயர் வைத்த மகராசன் உருகிய உப்பைப் பார்த்ததே இல்லை போலும். துருவைத் தடுப்பது ஸ்டீலில் கலந்திருக்கும் குரோமியம். உப்பு முதலில் அதைத்தான் தின்னும். மிஞ்சுவது சொத்தைக் கத்தரிக்காய், வெளியே ஒன்றும் தெரியாது. நல்ல தொட்டியில் காந்தம் ஒட்டாது, குரோமியம் போன இடத்தில் ஒட்டும். அதனால்தான் திங்கட்கிழமை காலையில், தொட்டி ஆறிக் கிடக்கும்போது, சுற்றிலும் காந்தம் வைத்துப் பார்ப்பாள்.

தொட்டிக்கு முன்னால் நாள் முழுக்க நிற்பவன் அவளுடைய கொழுந்தன். அவளே கெஞ்சி வாங்கிக் கொடுத்த வேலை. ஒரே வீடு, ஒரே பேருந்து. சுவர் பிய்ந்தால் உருகிய உப்பு கொட்டப்போவது அவன் காலில்.

"என்ன அண்ணி, காந்தத்த வச்சு ஜோசியம் பாக்குறீங்களா?" என்று கையுறையை மாட்டிக்கொண்டே வந்தான் அவன்.

"அடுப்பப் போடாத தம்பி."

சத்தம் கேட்டு சூப்பர்வைசர் வந்துவிட்டார். காந்தத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"மூணு மாசத் தொட்டி உப்பக்கா! போன தொட்டி ஒம்பது மாசம் ஓடுச்சு. எட்டு மில்லி கனத்துச் சுவரு காத்தாவா போயிடும்? வெல்டிங் பக்கத்துல காந்தம் லேசா இழுக்கும், உங்களுக்குத் தெரியாததா? பத்து மணிக்குச் சரக்கு வருது. நீ சுவிட்சப் போடுப்பா."

கொழுந்தன் கை சுவிட்சை நோக்கிப் போனது.

தொட்டி ஏன் இவ்வளவு சீக்கிரம் போனது என்று அவளுக்குத் தெரியும். போன திங்கட்கிழமை உலர்த்தும் அடுப்பு பழுது. வாரமெல்லாம் மழை வேறு, மூட்டையில் உப்பு கட்டி கட்டியாக நின்றது. நாலு மணி நேரம் காய வேண்டிய உப்பு. ஒரு தடவைதானே, என்ன ஆகிவிடப்போகிறது என்று அப்படியே கொட்டி, நோட்டில் 'காய்ந்தது' என்று எழுதிவிட்டாள். சூடு ஏறியதும் மூக்கைப் பிடுங்கும் நெடி வந்தது. ஈரம் அமிலமாகிவிட்டது, ஸ்டீலை அரிக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அது தெரிந்தும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசாமல் இருந்தாள். அரை மணி நேரம் குறைந்ததற்கே அடுத்தவர்களைக் கிழி கிழியென்று கிழிப்பவள் அவள். இப்போது வாயைத் திறந்தால் வேலையும் போகும், மானமும் போகும்.

"சார்! போன வாரம் போட்டது காயாத உப்பு," என்றாள். "நான்தான் போட்டேன். காஞ்சிடுச்சுன்னு எழுதுனதும் நான்தான்."

சூப்பர்வைசரின் சிரிப்பு நின்றது. உளியும் சுத்தியலும் எடுத்துவந்து, காந்தம் ஒட்டிய இடத்தில் ஒரு தட்டு தட்டினார். கணீரென்று கேட்க வேண்டியது சொத்தென்று கேட்டது. இரண்டாவது தட்டில் உளி உள்ளே இறங்கி, சுவர் பொடிப் பொடியாக உதிர்ந்தது.

"மத்தியானம்கூடத் தாங்கியிருக்காது," என்றார் மெதுவாக. பிறகு அவளைப் பார்க்காமலே, "வீட்டுக்குப் போங்க. கூப்பிட்டா வாங்க," என்றார். கூப்பிட மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் உயிர் வந்தது போல இருந்தது. அவன் பிழைத்தான், அது போதும்.

கொழுந்தன் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போன திங்கக்கெழமையா அண்ணி?"

"ஆமா தம்பி."

"ஆறு நாளா இது முன்னாடிதான நின்னேன்." கையுறையை ஒவ்வொன்றாகக் கழற்றினான். "தெனமும் உங்க கையாலதான சாப்பிட்டேன்."

அவன் கத்தியிருந்தால்கூடத் தேவலை. அவளுடைய பையை எடுத்து வந்து கையில் கொடுத்தான், வாசல் வரைக்கும் கூடவே நடந்து வந்தான், "பாத்துப் போங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.