மயிலாள் லேபிள் மாற்றிய 1,164 படங்கள்

2004 ஜூன் 14 — 1,164
ஜூன் 15 — 83
ஜூன் 16 — 96
ஜூன் 17 — 985
ஜூலை 8 — 0

இது பனியன் கணக்கு அல்ல, படக் கணக்கு. முதல் எண், பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் கேட்ட சாம்பிள் படங்களின் மொத்தம். அடுத்த மூன்றும் மயிலாள் அந்தந்த நாளில் கம்ப்யூட்டரில் பெயர் மாற்றியவை. கூட்டினால் மொத்தம் சரியாக வரும். கடைசி எண், அவற்றில் பையரின் ஆபீஸில் திறந்தவை.

மயிலாள் மங்கலத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். 1985-ல், பதினெட்டு வயதில், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் பிசிறு வெட்ட வந்தாள். 1989-ல் லேபிள் டேபிளுக்கு மாற்றினார்கள். ஒரே துணி, ஒரே அளவு, ஒரே தையல். கழுத்தில் ஒரு லேபிளை வைத்தால் அது ஜெர்மனி சரக்கு, வேறொன்றை வைத்தால் பிரான்ஸ் சரக்கு. இந்த அதிசயத்தைப் பதினான்கு வருஷம் நின்றுகொண்டே செய்தாள். முழங்கால் தேய்ந்ததே தவிர, ஒரு லேபிள்கூட இடம் மாறியதில்லை.

2003-ல் சாம்பிள் பனியன்களைப் படமாக்கக் கம்பெனி கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் வாங்கியது. படித்த பையன்கள் இருவர் வந்து, ஸ்டைல் நம்பர்களைக் குழப்பிவிட்டுப் போனார்கள். சட்டையைத் தூரத்தில் பார்த்தே நம்பர் சொல்லக்கூடியவள் மயிலாள் ஒருத்திதான். ஆகவே முதலாளி மோகன்ராஜ் அவளைக் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்தார். ஏசி அறை, சாய்மானம் வைத்த நாற்காலி. ஏசி கம்ப்யூட்டருக்காக வைத்தது. ஆனாலும் காற்று அவள்மேலும் பட்டது. அந்த நாற்காலியை விட்டுத் திரும்பவும் லேபிள் டேபிளுக்குப் போகக்கூடாது என்பது ஒன்றே அவளுடைய பிரார்த்தனை.

ஜூன் 14-ஆம் தேதி பையரின் கடிதம் வந்தது. நீங்கள் முன்பு அனுப்பிய படங்கள் பி.எம்.பி. என்று முடிகின்றன, எங்களுக்கு ஜே.பி.ஜி. வேண்டும். மயிலாள் ஒவ்வொரு படத்தின் பெயரிலும் புள்ளிக்குப் பின்னால் இருந்த மூன்று எழுத்தை அழித்து, வேறு மூன்றை அடித்தாள். அப்படிச் செய்தால் ஃபைல் கெட்டுவிடலாம் என்று கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறையும் எச்சரித்தது. ஒவ்வொரு முறையும் அவள் பொறுமையாக 'சரி' என்றாள். இரண்டு நாளில் 179 ஆயிற்று.

மூன்றாம் நாள், பையர்களின் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் நிர்மலா எட்டிப் பார்த்தாள். கோயம்புத்தூரில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தவள்.

"ஏனுங்க்கா, ஒண்ணொண்ணாவா மாத்தறீங்க? பொங்கல் வந்துருமுங்க. தள்ளுங்க." கறுப்புத் திரையைத் திறந்து, படம் இருந்த ஃபோல்டருக்குப் போய், ஒரே வரி அடித்தாள்:

ren *.bmp *.jpg

"நட்சத்திரம்னா எல்லாமேன்னு அர்த்தமுங்க்கா. பி.எம்.பி.ல முடியறது அத்தனையும் ஜே.பி.ஜி. ஆயிரும்."

கண் மூடித் திறப்பதற்குள் 985 படமும் மாறின. எச்சரிக்கைகூட வரவில்லை. மயிலாள் பத்துப் படங்களைத் திறந்து பார்த்தாள். எல்லாம் பளிச்சென்று திறந்தன. நான்கு சிடியில், சிடிக்கு 291 வீதம் பதிந்து, 19-ஆம் தேதி கூரியரில் அனுப்பினாள்.

உசிலம்பட்டியிலிருந்து வந்து லேபிள் டேபிளில் வேலை பார்த்த காசிமாயன் டீ நேரத்தில் கேட்டான்: "என்னக்கா, கம்ப்யூட்டருக்கும் லேபிள் வச்சிட்டியளாமே? பீஸ் ரேட்டா, சம்பளமா?"

"வாய மூடீட்டு டீயக் குடி, காசி. ஒரு நொடிக்குத் தொள்ளாயிரத்தி எண்பத்தஞ்சு பீஸு. நீ வைப்பியா?"

ஜூலை 8-ல் அடுத்த கடிதம். ஒரு படமும் திறக்கவில்லை, இவை ஜே.பி.ஜி.யே அல்ல, 31-ஆம் தேதிக்குள் சரியான படம் வராவிட்டால் இந்த சீசனுக்கு உங்களிடம் ஆர்டர் இல்லை.

மோகன்ராஜ் கடிதத்தை நீட்டினார். "ஏம்மா, நாளையிலிருந்து லேபிள் டேபிளுக்கே போயிரு."

நிர்மலா அவசரமாகச் சொன்னாள்: "நான் சும்மா வழிதானுங்க சொன்னேன்."

மயிலாளுக்கு எதுவும் புரியவில்லை. இங்கே திறக்கிற படம் அங்கே ஏன் திறக்கவில்லை? ஃபைல் பட்டியலை வெறித்துப் பார்த்தாள். பெயருக்குப் பக்கத்தில் அளவு இருந்தது: 2,305 கேபி. சாம்பிள் ரிஜிஸ்டரில் ஜூன் 14-ஆம் தேதி அவளே எழுதிவைத்த பழைய அளவைப் புரட்டினாள். அதுவும் 2,305.

"முதலாளிங்க, எடை மாறவே இல்லீங்க."

"என்ன எடை?"

"நூத்தி அறுபது கிராம் துணில நூத்தி எண்பதுன்னு லேபிள் வெச்சா, தராசுல போட்டா தெரிஞ்சுருமில்லீங்க? நாம லேபிள மட்டும் மாத்தியிருக்கறோமுங்க. உள்ள இருக்கறது அதே பி.எம்.பி. தானுங்க. நம்ம கம்ப்யூட்டரு லேபிளப் பாக்காம சரக்கப் பாத்துத் திறந்துருக்குது. அவங்களுது லேபிள நம்பி ஏமாந்துருக்குது."

மோகன்ராஜ் இருபது வருஷம் துணி எடை பார்த்தவர். இந்தப் பாஷை அவருக்குப் புரிந்தது. "சரி, இன்னொருக்கா அனுப்பு. அடுத்த கடுதாசி வரட்டும். அப்பறம் பாக்கலாம், ஏசி ரூமா லேபிள் டேபிளான்னு."

மயிலாள் முதலில் எல்லாப் படத்தையும் வேறொரு ஃபோல்டரில் ஒரு நகல் எடுத்துவைத்தாள். அதே ஒற்றை வரியை முன்பின்னாக மாற்றி அடித்துப் பழைய பெயரைக் கொடுத்தாள். பிறகு ஒவ்வொரு படத்தையும் பெயிண்டில் திறந்து, 'சேவ் ஆஸ்' போய், வகையில் ஜேபெக், அதாவது ஜே.பி.ஜி., என்று தேர்ந்தெடுத்துச் சேமித்தாள். முதல் படத்தின் எடை 118 கேபியாகச் சுருங்கியது. அன்றைக்குத்தான் அவள் சிரித்தாள். ஞாயிறு நீக்கிப் பதினோரு வேலை நாள், நாளுக்கு நூற்றுக்குக் குறையாமல். முழங்காலுக்குப் பதில் மணிக்கட்டு வலித்தது. ஜூலை 22-ல் கூரியர் போனது. 1,164 படமும் ஒரே சிடியில் அடங்கின.

பிறகு மூன்று வாரம் சத்தமில்லை.  முதலாளி லேபிள் டேபிளில் ஓர் இடம் காலியாகவே வைத்திருந்தார். மயிலாள் தினமும் அதைக் கடந்துதான் ஏசி அறைக்குப் போனாள்.

கடைசியில் வந்த கடிதத்தில் மூன்று விஷயங்கள் இருந்தன. படங்கள் முழுவதும் திறந்தன. அத்தனையும் பார்த்த பையர் ஆர்டர் கொடுத்தது இரண்டு ஸ்டைலுக்கு: வெள்ளை ரவுண்ட் நெக், கறுப்பு ரவுண்ட் நெக். மூன்றாவது, இனி படம் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் 'மிஸ்டர் மயிலாள்' அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும். மிஸ்டரை யாரும் திருத்தவில்லை. மோகன்ராஜ் அன்று மதியமே லேபிள் டேபிளின் காலி இடத்துக்கு வேறு ஆள் போட்டார். கடிதம் வந்த தேதி 2004 ஆகஸ்ட் 12, வியாழக்கிழமை.