சற்குணம் எழுதிய மரித்தோர் பட்டியல்

சற்குணத்துக்குக் கோபம் வந்தால் பாத்திரம் உடையாது, கதவு அடிபடாது. அவள் துணி தோய்ப்பாள். 2003ஆம் ஆண்டுக் கோடையில் ஒஸ்லோவின் புறநகரான அம்மருட்டின் தொடர்மாடியில் அவள் வீட்டுத் துணிகளெல்லாம் தேய்ந்து நூலானதற்கு ஒரு சின்னப் புத்தகம்தான் காரணம்.

அது ஒஸ்லோ நடுவில் இருக்கும் ஒரு சிறிய ஆங்கிலிக்கன் கோயிலின் வரலாறு. மரம் வாங்க வந்த ஆங்கிலேய வியாபாரிகளும் கப்பற்காரரும் நூறு வருடத்துக்கு முன்னே தொடங்கிய சபை. எண்பதுகளில் வந்த குருவானவர் ஒருவர் சாம்பிராணியும் மணியும் பீடத்தில் ஆறு மெழுகுதிரியும் கொண்டுவந்து, இனி ஆராதனைக்குப் பூசை என்று பெயர் என்றார். கத்தோலிக்க உரோமாபுரி உள்ளே வந்துவிட்டது என்று பாதிச் சனம் எழுந்து போனது. அவர்கள் விட்டுப்போன வாங்குகளில்தான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சற்குணம் போன்றவர்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

பகலில் அவள் பள்ளிக்கூடம் துடைப்பவள். அதற்கு நோர்வேக்காரர் சொல்லும் பெயர் வஸ்கடாமே. அதில் அவளுக்கு வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் கோயிலில் அவள் பீடப் பொறுப்பாளர். பூசையில் திராட்சரசம் வைக்கும் திருக்கிண்ணத்தைத் துடைத்த துணிகளைப் பதினைந்து வருடமாக வீட்டுக்குக் கொண்டுவந்து, முதல் அலசல் தண்ணீரைக் குழாய்க்குள் விடாமல், ஆறு மாடி இறக்கி மண்ணில் ஊற்றுகிறாள். ஆண்டவருடைய இரத்தம் பட்ட தண்ணீர் சாக்கடைக்குப் போகக்கூடாது. மாரியில் மண்ணுக்கு எங்கே போவது? பனியை அகப்பையால் தோண்டி ஊற்றுவாள். லிப்ட் பழுதான நாட்களிலும் இறங்கினாள். அதை யாரும் பார்க்கவில்லை, அவளும் சொல்லிக்கொண்டு திரியவில்லை.

புத்தகத்தை எழுதியவர் கோயில் நிர்வாகத்தைப் பார்த்த தமிழர். அட்டையில் கி. சூசைரட்ணம் என்று போட்டிருந்தது. கோட்டும் கழுத்துப்பட்டியும் இல்லாமல் வெளியே வராத மனிதர். ஊரெல்லாம் அவரை மிஸ்டர் சூசைரட்ணம் என்றே கூப்பிடும். கோயிலுக்குக் கோப்பிக் கேத்தல் வாங்கித் தந்தவருக்குக்கூடப் புத்தகத்தில் படத்தோடு ஒரு பந்தி இருந்தது. கடைசிப் பக்கத்தில், "பீடத்துத் துணிகளை ஒரு வஸ்கடாமே கழுவித் தருகிறார்" என்று ஒரு வரி. பெயர் இல்லை.

"விடப்பா, உந்தப் புத்தகத்தை ஆர் வாசிக்கப் போகினம்?" என்றார் அவள் கணவர் யோகலிங்கம்.

"நான் வாசிச்சிட்டன்," என்றாள் சற்குணம்.

பழிவாங்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்துவிட்டாள். வழிதான் நவம்பர் வரை பிடிபடவில்லை.

நவம்பரில் மரித்தோருக்கான பூசை வரும். சனம் தங்கள் வீட்டு இறந்தவர்களின் பெயரைத் துண்டில் எழுதிப் பெட்டிக்குள் போடும். குருவானவருக்கு அந்தக் கையெழுத்துகள் விளங்காதென்பதால் எல்லாவற்றையும் ஒரு தாளில் திருத்தமாக எழுதிக் கொடுப்பது சற்குணத்தின் வேலை. நாற்பத்திரண்டு பெயர் எழுதினாள். நாற்பத்துமூன்றாவதாக, ஒரு துண்டும் இல்லாமல், சூசைரட்ணம் என்று எழுதினாள். உயிரோடு முன்வாங்கில் இருக்கிறவருக்கு ஆத்தும இளைப்பாற்றிச் செபம்! அதுவும் குருவானவரின் கறுப்பு உடுப்பும் சாம்பிராணியுமாக! எழுதும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அந்த ஞாயிறு அவருடைய முகம் தெரியும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். குருவானவர் ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டு வந்தார். சூசைரட்ணம் என்றதும் அந்த மனிதர் திடுக்கிட்டுத் தலை நிமிர்ந்தார். பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சற்குணத்துக்கு வயிறு குளிர்ந்தது.

பூசை முடிந்து கோப்பி ஊற்றிக்கொண்டு நின்றவளிடம் அவர் நேரே வந்தார். கண் சிவந்திருந்தது.

"அக்கா, நீங்கள்தானே எழுதினது?"

"ஓம். நான்தான்."

"அப்பாவின்ரை பேர் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

சற்குணத்துக்கு அப்போதுதான் விளங்கியது. யாழ்ப்பாணக் கணக்கில் முதலெழுத்து தகப்பனுடையது, பின்னால் வருவது ஆளுடையது. அந்தக் கணக்கில்தான் அட்டையை வாசித்திருந்தாள். நோர்வேயில் பெயர் பதிகிறவன் அதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறான். முதலெழுத்தாக நின்ற 'கி'தான் இந்த மனிதரின் சொந்தப் பெயர், கிளெமென்ற். இவ்வளவு காலமும் எல்லோருமாகச் சேர்ந்து அவரைத் தகப்பனின் பெயரால் கூப்பிட்டு வந்திருக்கிறார்கள்.

"அப்பா தொண்ணூற்றைஞ்சு யாழ்ப்பாண இடப்பெயர்விலை, சாவகச்சேரிக்குப் போற றோட்டிலை செத்தவர்," என்றார் கிளெமென்ற். "செபிக்கச் சுவாமியாரும் இல்லை, பூசையும் இல்லை. ஒரு துண்டு எழுதிப் போட எட்டு வருசமா எனக்குக் கை வரேல்லை. நீங்கள் எழுதிப்போட்டியள்." அவளைப் பார்த்துக் கைகூப்பினார்.

பேசாமல் தலையாட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் பதினைந்து வருடத்தில் இந்த வாயிலிருந்து வந்த முதல் நன்றி, அதுவும் செய்யாத காரியத்துக்கு! அவளுக்கு உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வந்தது.

"அது உங்கடை அப்பாவுக்கில்லை. உங்களுக்கு எழுதினனான். வஸ்கடாமே எழுதினது."

அவர் கத்துவார் என்று காத்திருந்தாள். கத்தியிருந்தால் அவளிடம் பதில் இருந்தது.

"அப்ப அப்பாவுக்கு இன்னும் ஒருத்தரும் செபிக்கேல்லை," என்றார் மெல்ல.

சற்குணம் கேத்தலைக் கீழே வைத்தாள். மன்னிப்புக் கேட்கவில்லை. புத்தகத்துக் கோபம் இம்மியும் இறங்கவில்லை. விறுவிறென்று உடுப்பறைக்குள் போனாள். குருவானவர் கறுப்பு உடுப்பைத் தலைக்கு மேலால் பாதி கழற்றிவிட்டு நின்றார். அதைப் பிடித்துத் திரும்பக் கீழே இழுத்துவிட்டாள்.

"கழற்ற வேண்டாம், ஃபாதர். இன்னும் ஒரு பெயர் இருக்கிறது. சூசைரட்ணம்."

"அதை வாசித்துவிட்டேனே?"

"அது மகனுக்கு," என்றாள் சற்குணம். "இது தகப்பனுக்கு."