அசோசியேட் நாட்டுக்காரி

லீவுக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். இன்று கருங்கல் ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஜெரோம் அண்ணன். சின்ன வயதில் முட்டத்தில் எங்கள் தெரு டீமுக்கு அவர்தான் கேப்டன். பெண் என்பதால் ஒரு நாள்கூட என் கையில் பேட் தந்ததில்லை. பந்து கடலில் விழுந்தால் மட்டும், எடுத்து வர என் பெயர் ஞாபகம் வரும்.

"ஏட்டி, நர்சு வேலைக்குப் போயிட்டு குவைத் நாட்டுக்கு கிரிக்கெட் ஆடுதியாமே?" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சிரித்தார். "அது ஐசிசில வெறும் அசோசியேட் மெம்பர்தானே? டெஸ்ட் ஆடக்கூட விடமாட்டாவ. அதெல்லாம் ஒரு டீமா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இரண்டு நிறுத்தம் தாண்டியதும் குரல் இறங்கியது. "மக்கா, எனக்கும் குவைத் விசா வந்திருக்கு. ஆம்பளையளுக்க டீம்ல எடுக்க ஒரு வார்த்தை சொல்லுவியா?"

நானும் பஸ் முழுக்கக் கேட்கும்படியே சொன்னேன்.

"அங்க மூணு வருசம் குடியிருந்தாத்தான் நாட்டு டீம்ல சேக்க முடியும், அண்ணே. அதுவரைக்கும் எங்க பொம்பளப் பிள்ளையளுக்க பிராக்டீசுக்கு வாங்க. பந்து பொறுக்க ஆளில்ல."

அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார். கருங்கல் வரை டிக்கெட் எடுத்திருந்தார்.

குவைத்தில் எங்கள் மைதானத்துப் பக்கத்தில் கடல்கூடக் கிடையாது. அவர் எனக்குத் தந்ததைவிட லேசான வேலைதானே கொடுத்தேன்? முட்டத்துக்காரர்கள் சொல்லுங்கள்.